காணிக்கை உறையில் யார் பெயர்?

மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கணவர் மேசையில் உட்கார்ந்து சம்பளப் பணத்தை எண்ணுவார். முதல் வேலையாகத் தசமபாகத்தைப் பிரித்து, சபையில் அச்சடித்துக் கொடுத்த உறைக்குள் வைப்பார். உறையின் மேல் தன் பெயரை எழுதுவார். ஒரு சின்ன ஜெபம் செய்வார். பிறகு மீதியை என் பக்கம் தள்ளிவைத்து, "பாத்துச் செலவழி" என்பார்.

2022-இல் அவருடைய சம்பளம் 19,000 ரூபாய். உறைக்குள் 1,900 போனால் என் கைக்கு வருவது 17,100. அதில் வாடகை 5,000, மகளுக்கு ஃபீஸும் வேனும் சேர்த்து 3,000, மளிகை 3,500, பால் 1,000, சிலிண்டர் 1,100, மாமியாரின் மாத்திரை 1,000, பைக்குக்குப் பெட்ரோல் 1,000. மிஞ்சும் 1,500 ரூபாயில் காய்கறி, மீன், கரண்ட் பில், காய்ச்சல், கல்யாண வீட்டு மொய் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அடங்காததை அடக்குவதற்குப் பெயர்தான் குடும்பம் நடத்துவது.

அந்த வருடம் எனக்குப் பல்வலி வந்தது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், 4,000 ரூபாய் ஆகும் என்றார் டாக்டர். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். எட்டு மாதமும் வலது பக்கமாகவே மென்றேன். ஒரு மாதம்கூடத் தசமபாக உறை தள்ளிப்போகவில்லை. காணிக்கை அவருடையது. அதற்காகக் குறைந்தது என் பல். இதை நான் வெளியில் சொன்னதில்லை. கர்த்தருக்குக் கொடுப்பதைக் கணக்குப் பார்க்கிறவள் என்று பெயர் வாங்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

அந்த வருடம் அறுப்பின் பண்டிகையின்போது புது ஆலயக் கட்டடத்துக்குப் பொருத்தனை வாங்கினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசித்தார்கள். என் கணவர் பெயரும் வந்தது, 25,000 ரூபாய். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் அதை மற்ற எல்லாரோடும் சேர்ந்துதான் கேட்டேன். பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்து, "கர்த்தர் ஆசீர்வதிப்பாரு" என்றார். நானும் சிரித்துத் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் 25,000 ரூபாய்க்கு ஈடாக இருந்தது அம்மா எனக்குப் போட்ட ஒரு பவுன் சங்கிலி மட்டுந்தான். அடுத்த வாரம் அது அடகுக்குப் போனது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"கர்த்தருக்குக் குடுக்கதுக்கு ஒங்கிட்ட கேக்கணுமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அந்த ஆச்சரியத்தைத்தான் இந்தக் கட்டுரையில் கேள்விக்கு உட்படுத்துகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் கெட்டவர் அல்ல. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கொடுப்பதில் அவருக்கு இருக்கும் சந்தோஷம் பொய்யில்லை. நானும் விசுவாசிதான். கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு சம்பளத்தில் ஓடும் வீட்டில் கொடுப்பவர் யார் என்று மட்டும் கேட்கிறேன். சங்கத்துப் பெண்களிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தபோது, "குடிக்காத மனுஷன் கெடச்சிருக்காரு. கர்த்தருக்குத்தான குடுக்காரு? அதுக்கும் மொகத்தத் தூக்கி வச்சிருந்தா எப்படி?" என்றார்கள். பணம் நல்ல இடத்துக்குப் போனால் அதை யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது என்பது அதன் பொருள். சாராயக் கடைக்குப் போகும் பணமும் ஆலயத்துக்குப் போகும் பணமும் ஒன்றல்ல. ஆனால் மளிகைக் கடைக் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் குறையும்.

நான் வேதத்தைத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தேன். எண்ணாகமம் 30-ஆம் அதிகாரம் பொருத்தனைகளைப் பற்றியது. ஆண் பொருத்தனை செய்தால் அதை நிறைவேற்ற வேண்டும். மனைவி பொருத்தனை செய்து, அதைக் கேள்விப்படுகிற நாளில் கணவன் வேண்டாம் என்று சொன்னால் அது செல்லாது. மகளின் பொருத்தனையைத் தகப்பனும் இப்படி நிறுத்தலாம். விதவையும் தள்ளப்பட்டவளும் செய்த பொருத்தனை மட்டும் அப்படியே நிற்கும். கணவன் செய்த பொருத்தனையை மனைவி நிறுத்தலாம் என்று எங்கும் இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது கணவரின் குணத்தால் மட்டும் நடந்ததல்ல. அவருக்கு முன்னால் எவ்வளவோ தலைமுறை எழுதிவைத்த விதி அது.

ஆனால் அதே வேதத்தில் வேறு இடங்களும் இருக்கின்றன. காணிக்கைப் பிரசங்கம் என்றாலே இரண்டு காசு போட்ட ஏழை விதவை வந்துவிடுவாள். அவள் கதை மாற்கு 12-இல் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். கதை முடிந்ததும் வரும் 13-ஆம் அதிகாரம், அந்தத் தேவாலயமே கல்லின்மேல் கல் இல்லாமல் இடிபடும் என்று அவர் சொல்வதோடு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று தன் சாப்பாட்டுக்கு இருந்ததையெல்லாம் போடுகிற அந்தப் பெண்ணைப் பார்த்து அவர் வியந்தாரா, வருந்தினாரா? நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று அவர் அங்கே சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. அவள் போட்டது அவளுடைய காசு, அவள் முடிவு. அவளை உதாரணம் காட்டி இன்னொருத்தியின் சாப்பாட்டை எடுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை.

மாற்கு 7-இல் கொர்பானைப் பற்றிப் பேசுகிறார் இயேசு. பெற்றோருக்குச் சேர வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லி அவர்களைக் கைவிடுகிறவர்களை அவர் மன்னிக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு உரியதை எடுத்துக் கொடுத்தால் அது காணிக்கை ஆகாது என்பதே அதன் பொருள் என்று நினைக்கிறேன். தசமபாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உபாகமம் 14-இன்படி அது விளைச்சலிலும் மந்தையிலும் எடுப்பது. குடும்பத்தோடு சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்படுவது. மூன்றாம் வருடம் லேவியனுக்கும் அந்நியனுக்கும் அனாதைக்கும் விதவைக்கும் வைப்பது. பெண்ணின் வயிற்றை நிரப்ப ஏற்பட்ட ஒன்றை எப்படிப் பெண்ணின் வயிற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தோம்?

"கணவனும் மனைவியும் ஒரே மாம்சம், அவர் கொடுத்தால் நீ கொடுத்த மாதிரி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைக்கிறார்கள். கணவன் செத்து மூன்று மணி நேரம் கழித்து வருகிற சப்பீராளைப் பேதுரு தனியாகக் கேட்கிறார். அவளுடைய பதிலுக்கு அவள்தான் பொறுப்பு. தண்டனை என்று வரும்போது மனைவியைத் தனியாகக் கேட்பார்களாம். கொடுப்பது என்று வரும்போது கேட்காமலே சேர்த்துக்கொள்வார்களாம். வலது கை செய்வதை இடது கை அறியாமல் இருக்க வேண்டும் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். நான் யாருடைய இடது கையும் இல்லை.

சம்பாதிக்கிறவர் அவர், உன்னிடம் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் அடியில் இருக்கும் வாதம். திருமணமான பெண் வேலை செய்து வாங்கும் கூலி அவளுக்கே சொந்தம் என்று 1874-ஆம் வருடச் சட்டம் சொன்னது. கிறிஸ்தவப் பெண்களுக்கு அது அன்றே பொருந்தியது. கூலியே வாங்காமல் வீட்டில் வேலை செய்பவளுக்கு அது எதுவும் சொல்லவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கு. அவளுடைய வீட்டு வேலை இல்லாமல் அவரால் சம்பாதித்துச் சொத்துச் சேர்த்திருக்க முடியாது. அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். நாலரை மணிக்கு எழுந்து நான் கட்டும் டிபன் பாக்ஸும், மாமியாருக்கு நேரத்துக்குக் கொடுக்கும் மாத்திரையும் அந்த 19,000-க்குள் இருக்கின்றன. அப்படியானால் 1,900-க்குள்ளும் இருக்கின்றன. என்னைக் கேட்காமல் எடுத்த காணிக்கையில் என் பங்கும் இருந்தது. ஆனால் கொடுத்தவள் நான் இல்லை. கொடுப்பதற்கு விருப்பம் வேண்டும். விருப்பம் கேட்கப்படாதவளிடமிருந்து போவது காணிக்கை அல்ல, பிடித்தம்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். 2023 செப்டம்பரில் அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் விழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் பெயருக்கு வந்த முதல் பணம். சபை ஆபீசில் ஒரு உறை கேட்டு வாங்கி, என் பெயரை எழுதி, 100 ரூபாய் வைத்தேன். அன்று பையில் உறையைப் போட்டபோது கை நடுங்கியது. கணவருக்கு ஏன் கொடுப்பதில் அவ்வளவு சந்தோஷம் என்று அன்றுதான் புரிந்தது. கொடுக்கிறவளுக்குத் தான் ஒரு ஆள் என்று தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தை இத்தனை வருடம் அவர் மட்டும் அனுபவித்திருக்கிறார்.

சில மாதம் கழித்து வடக்கே ஊழியம் செய்யும் ஒரு மிஷனரி வந்து பேசினார். கேட்டுக் கண்ணீர் வந்தது. கையில் இருந்த 500 ரூபாயைப் போட்டுவிட்டு வந்தேன். அது மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்காக நான் இரண்டு மாதம் சேர்த்து வைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அழவில்லை.

"நீ குடுத்ததுக்கு நான் ஏம்மா போவாம இருக்கணும்?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. கர்த்தருக்குக் கொடுத்ததைக் கேள்வி கேட்கலாமா என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுத்த சந்தோஷம் எனக்கு, குறைவு அவளுக்கு. கையில் பணம் வந்து ஆறு மாதத்தில் நானும் கணவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் இது ஆண் பெண் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள், கேட்க முடியாதவர்களின் பங்கிலிருந்து தாராளமாக இருப்பது பற்றியது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை ஆணுடையது. அதனால் தாராளமும் ஆணுடைய குணமாகத் தெரிகிறது.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள். சங்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். மிசோரத்தில் பிரெஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே போலப் பிடி அரிசி எடுத்துவைத்துச் சபையின் ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். பெண்ணின் கை தானாக முடிவுசெய்து கொடுக்க முடிந்த இடம் அரிசிப் பானை ஒன்றுதான். சின்ன வயதில் எங்கள் தட்டில் ஒருநாளும் சோறு குறைந்ததில்லை. அம்மா கடைசியில் சாப்பிடுவாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பிடி அவள் தட்டிலிருந்து போனது. நான் எடுத்ததோ மகள் தட்டிலிருந்து. அம்மாவைப் புகழ எனக்கு மனமில்லை. எடுத்துக் கொடுக்க அவளுக்கு வேறு தட்டு இருக்கவில்லை. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

அந்த மாதம் நான் கணவரிடம் பேசினேன். முதலில் என் தப்பைச் சொன்னேன், பிறகு என் பல்லைச் சொன்னேன். அவருக்குப் பல் விஷயமே தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், இருப்பதற்குத் தக்கபடி கொடுத்தால் போதும், மற்றவர்களுக்குச் சுகமும் உங்களுக்கு வருத்தமுமாக இருக்க வேண்டியதில்லை என்று பவுல் எழுதியதைக் காட்டினேன். "மல்கியால வேற மாதிரில்லா இருக்கு" என்றார். தசமபாகத்தைக் குறைத்தால் தேவனிடம் திருடியதாகிவிடும் என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

இப்போது முதல் சனிக்கிழமை மேசையில் மூன்று பேர் உட்காருகிறோம். வாடகை, ஃபீஸ், மருந்து, சங்கிலிக்கு வட்டி எல்லாம் எடுத்துவைத்த பிறகு எவ்வளவு கொடுப்பது என்று பேசுகிறோம். சில மாதம் 1,900 போகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் 300தான் போனது. அன்று அவர் முகம் வாடித்தான் இருந்தது. ஒரு மாதம் பக்கத்து வீட்டு விதவைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். கொடுத்தோம். அது சபைக் கணக்கில் வராது.

உறையின் மேல் குடும்பத் தலைவர் பெயர் என்று அச்சடித்து ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதுகிறேன். ரசீது இன்றுவரை அவர் பெயருக்கு மட்டுமே வருகிறது. போன மாதம் சபை ஆபீசில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பெயர்தான் ஏறும் என்றார்கள். அப்படியானால் கம்ப்யூட்டரை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.