அறிவு எவருடைய உடைமை?

போட்டியே முன்னேற்றத்தின் தாய் என முதலாளித்துவப் பொருளியலாளர் ஓயாது ஓதிவருகின்றனர். ஒவ்வொரு கம்பனியும் தான் கண்டறிந்ததைப் பூட்டிவைத்துக் காப்பதனாலேயே புதுமைகள் பிறக்கின்றன என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை அவர்களுடைய கோட்டையாகிய கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கின் வரலாற்றில் வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

1947 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. அதனை ஆக்கும் நுட்பத்தை, 25,000 டொலர் முற்பணம் செலுத்திய ஏறத்தாழ நாற்பது கம்பனிகளுக்கு 1952 இல் அவ்வாய்வுகூடத்தார் கற்பித்தனர். இது வள்ளன்மையால் மட்டும் நிகழ்ந்ததன்று. தனியுரிமைக்கு எதிராக 1949 இல் அரசாங்கம் தொடுத்த வழக்கு அவர்கள் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. 1956 இல் அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்தபோது, தாய்க் கம்பனி தன் பழைய காப்புரிமைகளைப் பெரும்பாலும் கட்டணமின்றியே பிறருக்குத் திறந்துவிட நேர்ந்தது. பூட்டுத் திறந்த பின்னரே அக்கைத்தொழில் பல்கிப் பெருகிற்று.

1957 இல் ஷொக்லியின் நிறுவனத்தை விட்டு எண்மர் வெளியேறிப் பெயார்சைல்ட் கம்பனியைத் தொடங்கினர். அவர்களுள் நொய்சும் மூரும் 1968 இல் அதனையும் நீங்கி இன்ரெல்லை நிறுவினர். பகலிற் போட்டியாளராயிருந்த பொறியியலாளர், மாலையில் மவுண்டன் வியூ நகரின் 'வாகன் வீல்' மதுச்சாலையிற் கூடி, ஒருவர் சிக்கலை மற்றவர் அவிழ்த்தனர். போட்டிக் கம்பனிக்குச் செல்லவிடாது தொழிலாளியைக் கட்டும் ஒப்பந்தம் செல்லாதென்ற 1872 ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சட்டமும் அவர்களுக்குத் துணைநின்றது.

அவ்வாறு பேசிய பொறியியலாளன் துரோகியா? வரைபடத்தைத் திருடி விற்பவனுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால், உழைப்பினாற் கையிலும் கருத்திலும் ஊறிய திறமையை எசமானின் பெட்டகத்துப் பொருளென எவ்வாறு கொள்வது? அத்திறமை வெளியே செல்லும்போது அதனை 'இரகசியம்' என்று கூச்சலிடும் கம்பனியே, அயலிலிருந்து அது உள்ளே வரும்போது 'அனுபவம்' என்று வரவேற்கின்றதன்றோ?

இரகசியம் இல்லையேல் ஆராய்ச்சிக்கு முதலிடுபவர் எவர் என்று கேட்பர். கேள்வி நியாயமானதே, ஆயின் முதலிட்டவர் எவரென்பதையும் கேட்டாக வேண்டும். பெல் ஆய்வுகூடத்தைத் தாங்கியது தொலைபேசிச் சந்தாதாரர் பணம். தொடக்ககால ஒருங்கிணைந்த சுற்றுகளை மினிற்மன் ஏவுகணைக்கும் அப்பொலோ விண்கலத்துக்கும் வாங்கி அத்தொழிலை வளர்த்தது மக்களின் வரிப்பணம். செலவு பொதுவாயும் பயன் தனியுடைமையாயும் இருப்பது எந்த அறம்?

இப்பகிர்வைப் பொதுவுடைமை என்று மயங்குவதற்கும் இடமில்லை. 1963 இல் பெயார்சைல்ட் தன் பொருத்துந் தொழிலை ஹொங்கொங்கிற்குக் கொண்டுசென்றது. குறைந்த கூலிக்கு அங்கே நுண்கம்பிகளைப் பொருத்திய பெண்களுக்கு அந்த மதுச்சாலை மேசையில் இடமிருக்கவில்லை. அறிவு சுழன்றது, ஆனால் ஒரு சிறு வட்டத்துள்ளேயே சுழன்றது.

அச்சிறு வட்டத்தையும் பின்னர் எசமானர் நெரிக்க முயன்றனர். ஒருவர் ஊழியரை மற்றவர் வலிந்து அழைப்பதில்லையென அப்பிள், கூகிள், இன்ரெல், அடோபி முதலிய கம்பனிகள் தமக்குள் உடன்பட்டிருந்தமைக்கு எதிராக 2010 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 64,000 ஊழியர் சார்பிலான வழக்கில், இந்நான்கு கம்பனிகளும் 41 கோடி 50 இலட்சம் டொலர் கொடுப்பதை 2015 இல் நீதிமன்றம் ஏற்றது. உழைப்பவர் கூடினால் துரோகம். உடைமையாளர் கூடினால் வணிகம்! போட்டியைப் போற்றியவர்களே கூலி உயருமென்றஞ்சிப் போட்டியைக் கைவிட்டனர்.

ஆகவே, அறிவு பகிரப்படுகின்றதா என்று மட்டும் கேட்பது போதாது. எவரோடு பகிரப்படுகின்றது, எவர் நலனுக்காகப் பகிரப்படுகின்றது என்றும் கேட்க வேண்டும். தனக்கு முன் வாழ்ந்தோரிடம் கடன்படாது எவரும் எதனையும் கண்டறிந்ததில்லை. அக்கடனை ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு மட்டுமன்றி, கம்பி பொருத்தியவளுக்கும் வரி செலுத்தியவனுக்கும் திருப்பித் தருகின்ற சமுதாயமே அறிவுடைய சமுதாயமாகும்.