அவரிடம் சொல்லிவிடாதீர்கள்

புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால், அதை முதலில் கேட்பவர் பெரும்பாலும் மகனோ மருமகனோதான். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போய்த் தாழ்ந்த குரலில் சொல்வார்: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." அன்று முதல் வீட்டில் நோய்க்குக் 'கட்டி' என்று பெயர், கீமோவுக்குச் 'சத்து ஊசி' என்று பெயர்.

இதை வஞ்சகம் என்று சொல்ல நா எழாது. ஆனாலும் முடி கொட்டுகிறது; மருத்துவமனை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது; பக்கத்துக் கட்டில்காரர் பேசுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சில நாளில் விளங்கிவிடும். விளங்கியபின், பிள்ளைகள் உடைந்துபோகக் கூடாதே என்று அவரும் நடிக்கத் தொடங்குவார். கட்டிலைச் சுற்றி ஏழு பேர். மழையும் சாத்துக்குடி விலையும் பேசியாகும். பயமாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் ஓர் ஆள் கிடையாது.

இதே நடிப்பைக் காட்டும் தல்ஸ்தோயின் குறுநாவல் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வந்தது. சாகிறான் என்று தெரிந்தும் வெறும் நோய்தான் என எல்லோரும் காட்டிக்கொள்வதே இவானை அதிகம் வதைக்கிறது. பொய் பேசாதவன் வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான். எசமானனின் கால்களைத் தோளில் தாங்கியபடி இரவில் உட்கார்ந்திருப்பான்.

மருத்துவர்களும் மறைத்தவர்களே. 1961இல் அமெரிக்காவில் டொனால்ட் ஓக்கன் என்ற மருத்துவர் 219 மருத்துவர்களிடம் கேட்டார். சுமார் 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979இல் அதே கேள்விக்கு 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினர். இடையில் மனச்சாட்சி விழித்தது என்று மட்டும் எண்ண வேண்டாம். சிகிச்சையும் வளர்ந்திருந்தது, சொல்ல நல்ல சேதி கொஞ்சம் இருந்தால் வாய் எளிதில் திறக்கும்.

அப்படியானால் போட்டு உடைத்துவிடுவதா? "மூணு மாசம்" என்று நடைவழியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவதும் கைவிடுதல்தான். தெரிந்துகொள்ள விரும்பாதவரும் உண்டு. அந்த உரிமையும் அவருடையது. பிழை, அவரைக் கேளாமலே 'தாங்க மாட்டார்' என்று தீர்ப்பெழுதுவதில் இருக்கிறது. கடனையும் சாவுகளையும் கண்டு குடும்பத்தைச் சுமந்தவர், நோயாளி ஆன அன்றே எல்லோருக்கும் குழந்தையாகிவிடுகிறார்.

நோய்த்தணிப்பு சிகிச்சையில் பழகியவர்கள் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார்கள். "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். "பையன்கிட்டயே பேசிக்குங்க" என்று பதில் வந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். வேறு பதில் வந்தால், பாகம் பிரிக்காத நிலம், பேச்சு நின்றுபோன தம்பி, ஒரு தடவை போய்ப் பார்க்க நினைக்கும் ஊர் என்று அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.