எலும்பு சொல்லும் வயது

"அருவா தூக்கத் தெரிஞ்சவனுக்கு ஜெயிலுக்குப் போகத் தெரியாதா?" சிறுவன் கைது என்று பேப்பரில் வந்தால் மதுரை கோரிப்பாளையம் டீக்கடைகளில் விசாரணை இவ்வளவுதான். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இருவர் இறந்தனர். சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்தில் ஜாமீன் கொடுத்து, 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னது. நாடே கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. ஆனால் பிள்ளைகளைப் பெரியவர்களாக்கி வழக்கு நடத்துவது அதற்கு மருந்தல்ல, அறமும் அல்ல.

அந்த வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொலை வழக்கில் சிக்கிய சிறுவன் 2015 டிசம்பர் 20-ல் விடுதலையானான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. குறைந்தது ஏழாண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றத்தில் 16 வயது நிரம்பியவன் சிக்கினால், செய்தது இன்னதென்று புரியும் மனமுதிர்ச்சி அவனுக்கு அப்போது இருந்ததா என்று வாரியம் மூன்று மாதத்துக்குள் கணிக்க வேண்டும். இருந்தது என்றால் பெரியவர்களைப் போல விசாரணை.

மனதை எதைக் கொண்டு அளப்பது? பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இல்லாதவனின் வயதை அறிய எலும்பைப் படமெடுத்துப் பார்ப்பார்கள். அதிலேயே இரண்டாண்டு முன்பின் இருக்கலாம் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் எலும்பின் கதி இது. என்றைக்கோ ஒரு ராத்திரி இருந்த மனதை, ஆத்திரமெல்லாம் அடங்கிய பிறகு அறைக்குள் உட்கார்ந்து எடைபோடுகிறார்களாம்! வாரியத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் அத்துறை அறிந்தவர் உதவி கட்டாயம் வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அதுவரை நடந்த கணிப்புகளின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைத் தண்டிக்கும் முன் தயங்குவது நம் மரபிலும் உண்டு. பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட நின்றான் கிள்ளிவளவன். யானையைக் கண்டு அழுகையை மறந்து, கூடி நின்றவர்களைப் பார்த்து மிரளும் பிள்ளைகள் இவர்கள் என்று கோவூர்கிழார் தடுத்தார். புறநானூற்றில் 46-ஆம் பாட்டு அது. அவர்கள் குற்றமற்றவர்கள், வாஸ்தவம். குற்றவாளிக்கும் வள்ளுவர் வழி வைத்திருக்கிறார்: கோலைக் கடுமையாக ஓங்கு, மெதுவாக விழவிடு. தீர விசாரிக்காமல் கொன்ற பாண்டியன் உயிர்விட்டது, சிலப்பதிகாரத்தின்படி, இதே மதுரையில்.

வெட்டுப்பட்டவன் வலி பெரிதில்லையா? பெரிதுதான். 2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த சிறுவர்கள். கொலைகாரனைத் தண்டிப்பது களையெடுப்பது என்ற குறளை எடுத்து நீட்டுவார்கள். முளைவிட்ட நாளிலேயே களை எது, பயிர் எது என்று எந்த விவசாயியும் அடித்துச் சொல்லமாட்டான்.

சீர்திருத்த இல்லத்தில் செல்லம் கொடுக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் செங்கல்பட்டைப் பார்க்கவேண்டும். 2022 கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் அங்கே இறந்தான்; அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன்பின் இல்லங்களைச் சீர்படுத்த நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2023-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார். சட்டத்தை இன்னும் இறுக்கச் சொல்பவர்கள் முதலில் அந்த அறிக்கையை முழுதாக நடைமுறைப்படுத்தச் சொல்லி அரசைக் கேட்கட்டும்.