நான் அவள் இல்லை என்ற உண்மை

பொய் சொல்லலாமா என்ற கேள்விக்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார் வள்ளுவர். பட்டிமன்றங்களில் அடித்துத் துவைத்த குறள் அது. அதற்கு முந்தைய குறளில்தான் விஷயமே இருக்கிறது. வாய்மை எது என்று சொல்ல வந்தவர், நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கு சிறிதும் இல்லாத சொல்லே வாய்மை என்கிறார். பரிமேலழகர் இன்னும் ஒரு படி போய், தீங்கு தருமானால் நிகழ்ந்ததைக் கூறுவதும் பொய்யே என்று உரை எழுதினார். பெண்கள் விஷயத்தில் பரிமேலழகரோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. இந்த இடத்தில் மட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இத்தனை வருடம் வகுப்பில் இதை நடத்தியிருக்கிறேன். எடுத்துக்காட்டு கேட்கும் மாணவிகளுக்குக் கொலைகாரனிடம் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கும் கதையைத்தான் எல்லோரையும்போல நானும் சொல்வேன். அதைவிட அன்றாடமான எடுத்துக்காட்டு பல்கேரியாவிலிருந்து வந்தது. வர்ணா நகரத்தில் மருத்துவம் படிக்கும் என் தோழியின் மகள் சொன்னது. என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவள்.

வர்ணா கருங்கடல் கரையில் இருக்கிறது. பல்கேரியாவின் மூன்றாவது பெரிய நகரம். 1972இல் அங்கே தோண்டியெடுத்த கல்லறைகளில் கிடைத்த தங்க நகைகள் ஆறாயிரம் வருடங்களுக்கும் மேல் பழையவை. மனிதர் செய்த தங்கப் பொருட்களில் மிகத் தொன்மையானவற்றுள் அவையும் சேர்த்தி. 1961இல் தொடங்கிய மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வழியில் ஆறு வருடப் படிப்பு. ஆனால் நோயாளிகள் ஆங்கிலம் பேசமாட்டார்கள். அதனால் உடற்கூறியலோடு பல்கேரிய மொழியையும் சிரிலிக் எழுத்தையும் மல்லுக்கட்டிப் படிக்க வேண்டும். தலையாட்டல் இன்னொரு பாடம். நாம் இல்லை என்று ஆட்டுவதுபோல் பக்கவாட்டில் ஆட்டினால் அங்கே ஆமாம் என்று பொருள். மேலும் கீழும் அசைத்தால் இல்லை. முதல் மாதம் கடைக்காரர்களோடும் வீட்டுக்காரம்மாவோடும் இவள் பட்ட பாட்டை வாட்ஸ்அப்பில் கேட்டு நானும் அவள் அம்மாவும் சிரித்திருக்கிறோம்.

அவளுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது கடல் தோட்டம். அங்கே பூங்காவுக்கு அதுதான் பெயர். கடலோரமாக நீண்டு கிடக்கும் அந்தப் பூங்காவில் இரவு பத்து மணிக்குத் தனியாக நடக்கிறாள். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆளில்லை. திருநெல்வேலியில் தெருமுனைக் கடைக்குப் போவதற்கும் துப்பட்டாவைத் தேடியவள் அவள். “சித்தி, இங்க என்னை யாருமே பாக்க மாட்டேங்காங்க. அதுதான் இந்த ஊர்ல எனக்குச் சொத்து” என்றாள். பெண்ணுக்குப் பொதுவெளி என்பது பார்க்கப்படாமல் இருக்கும் உரிமையும்தான் என்பதை அவள் கட்டுரை எதுவும் படிக்காமலே கண்டுபிடித்திருந்தாள்.

பிறகு ஒருநாள் பார்த்தார்கள்.

வெயில் காலம். பருத்தியில் நீளப் பாவாடை, காதில் பெரிய கம்மல், எண்ணெய் வைத்துப் பின்னிய முடி. சூப்பர் மார்க்கெட்டில் காவலாளி வரிசை வரிசையாக அவள் பின்னாலேயே வந்திருக்கிறான். பணம் கட்டிவிட்டு வெளியே வரும்போது பையைத் திறக்கச் சொன்னான். அவளுக்கு முன்னால் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணின் பையை அப்போதுதான் கொட்டிப் பார்த்து அனுப்பியிருந்தான். அவள் ரோமா பெண். இவளுக்குச் சட்டென்று புரிந்தது. கற்ற மொழியில், பிழையில்லாமல் சொன்னாள்: “அஸ் நே சம் ரோம்கா. அஸ் சம் இந்தீய்கா.” நான் ரோமா இல்லை, இந்தியப் பெண். கூடவே மருத்துவ மாணவி என்ற அடையாள அட்டையையும் எடுத்து நீட்டினாள். காவலாளி மன்னிப்புக் கேட்டான். பையைத் திறக்காமலே அனுப்பிவிட்டான்.

“அவன் சாரி சொன்னதுதான் சித்தி என்னைத் தூங்கவிடல” என்றாள். அவன் யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்டான்? பையைச் சோதிக்க முயன்றதற்காக அல்ல. தவறான ஆளிடம் முயன்றதற்காக. அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களும் உண்மை. ஆனால் அவை காவலாளியிடம் வேறொன்றையும் சொல்லிவிட்டன: ரோமா பெண்ணின் பையைத் திறப்பது சரிதான், நீ ஆளை மட்டும் மாற்றிவிட்டாய்.

ரோமா மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜிப்சி என்று உலகம் அவர்களுக்கு வைத்த பெயரே ஒரு பிழை. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையில் பிறந்த சொல் அது. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் சொல்கின்றன. ரோமானி மொழியில் தண்ணீருக்குப் பானி என்றே பெயர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பல்கேரியாவில் தம்மை ரோமா என்று பதிந்துகொண்டவர்கள் 3,25,343 பேர். பதியத் தயங்கியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். வர்ணாவிலும் அவர்களுக்கென்று ஒதுங்கிப்போன குடியிருப்பு இருக்கிறது, மக்சுதா என்று பெயர். எந்த நகரத்திலும் இப்படி ஓர் இடத்தின் பெயரைச் சொல்லும்போது உள்ளூர்க்காரர்களின் குரல் கொஞ்சம் தாழும். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடந்ததை அம்மாவிடம் சொன்னாளாம். என் தோழி நல்லவள், படித்தவள், வங்கி அதிகாரி. அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: “ஏட்டி, ஒன்னய நரிக்குறத்தின்னா நெனச்சிட்டானுவ? ஒழுங்கா உடுத்திட்டுப் போனா என்ன? முடியவும் விரிச்சிப் போட்டிருப்ப.”

‘குறத்தி மாதிரி இருக்கே’ என்ற வசவைக் கேட்காமல் தமிழ்நாட்டில் எந்தப் பெண் வளர்ந்திருக்கிறாள்? தலை சீவாவிட்டால், பாசிமணி போட்டால், கலர் பாவாடைக்குக் கலர் தாவணி சேராவிட்டால். நம் வீடுகளில் பெண்ணுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் விதமே இன்னொரு பெண்ணைச் சுட்டிக்காட்டி அவளைப்போல் இராதே என்பதுதான். நீ குறத்தி இல்லை, நீ சேரிக்காரி இல்லை, நீ கூத்தாடி இல்லை, நீ தேவடியாள் இல்லை. ‘குடும்பப் பெண்’ என்பதற்கு நேரான வரையறை ஒன்றை யாராவது சொல்ல முடியுமா என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். கிடைப்பதெல்லாம் இப்படி ஓர் ‘இல்லை’ப் பட்டியல்தான். எவ்வளவு ‘இல்லை’ சேர்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. வர்ணாவின் கடை வாசலில் அவள் சொன்ன ‘நே’ என்ற ஓரசைச் சொல் பல்கேரிய வகுப்பில் கற்றதாக இருக்கலாம். அதன் இலக்கணம் திருநெல்வேலி வீட்டில் கற்றது.

அம்மாவின் யோசனையை அவள் கடைப்பிடித்தும் பார்த்தாள். பாவாடை பெட்டிக்குள் போனது. ஜீன்ஸ், சின்னத் தோடு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. பேருந்திலும் கடையிலும் தேவைக்கு மேல் சத்தமாக ஆங்கிலம் பேசினாள். பலன் இருந்தது, யாரும் பின்தொடரவில்லை. ஆனால் கடல் தோட்டத்தில் அவள் கண்டெடுத்த சொத்து போய்விட்டது. இப்போது எந்நேரமும் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மறுப்பு நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப் போக மாட்டேன். அந்நிய நாட்டில் மாணவர் விசாவில் தனியாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் அவள். கறுத்த தோல், கல்விக்கடன், அவளுக்கென்று நிற்க ஆளில்லை. அவள் தலையில் ரோமா மக்களின் விடுதலையையும் சுமத்துவதா? பெண்கள்தான் எப்போதும் எல்லோருக்காகவும் நல்லவர்களாக இருக்க வேண்டுமா? சுமத்தக் கூடாது. காவலாளி போலீசைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. அன்று அவள் சொன்னதற்கு நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அறக் கேள்வி என்பது தண்டனை கொடுப்பதற்காக மட்டும் எழுவதில்லை. அடுத்த முறை என்ன சொல்வது என்பதும் அறக் கேள்விதான். அவள் கேட்டதும் அதைத்தான்.

ஹன்னா அரெண்ட் 1964இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், யூதராகத் தாக்கப்படுகிறவர் யூதராகவே நின்று தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். ஜெர்மானியன், உலகக் குடிமகன், மனிதன் என்றெல்லாம் பதில் சொல்லிப் பயனில்லை என்பது அவர் அனுபவம். இதை அவளிடம் சொன்னபோது உடனே திருப்பிக் கேட்டாள்: “நான் அவங்க இல்லையே சித்தி? ஆமா, நான் ரோமாதான்னு சொன்னா அது நடிப்பு இல்லையா?” சரியான கேள்வி. அடி வாங்காதவள் ஒரு நாள் மட்டும் அடிபட்டவளின் பெயரை மாட்டிக்கொள்வதில் அசிங்கமான ஒரு சொகுசு இருக்கிறது. மாலையில் கழற்றி வைத்துவிடலாம் அல்லவா. இந்திய அரசும் இதைச் செய்கிறது. 2016இல் டெல்லியில் நடந்த ரோமா மாநாட்டில் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அவர்களை இந்தியாவின் பிள்ளைகள் என்று கொண்டாடினார். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் சுலபமானவர்கள். தமிழ்நாட்டின் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது.

அவளுக்கு நான் சொன்னது பல்கேரியாவிலேயே நடந்த ஒரு வழக்கைத்தான். டுப்னிட்சா என்ற ஊரில் ரோமா மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி ஒன்று. நாட்டின் மற்ற இடங்களில் மின் மீட்டர் அதிகபட்சம் 1.70 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கு நேரே இருக்கும். இந்தப் பகுதியில் மட்டும் கம்பத்தில் ஆறு, ஏழு மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். காரணம், திருடுவார்கள். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெண், ரோமா அல்லாதவர், தன் மீட்டரைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்று புகார் கொடுத்தார். என் கடை மீட்டரை மட்டும் இறக்கி வையுங்கள், நான் அவர்கள் இல்லை என்று அவரும் கேட்டிருக்கலாம். புகார் அப்படிப் போகவில்லை. இங்கே ரோமா மக்கள் வாழ்வதால்தான் இப்படி வைத்திருக்கிறார்கள், இது பாகுபாடு என்று போனது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை சென்றது. ஓர் இனத்தைச் சேராதவரும் அந்த இனத்தோடு சேர்ந்து அதே பாகுபாட்டை அனுபவித்தால் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்று 2015 ஜூலை 16 அன்று அந்த நீதிமன்றம் சொன்னது. அந்தக் கடைக்காரர் ரோமாவாக நடிக்கவில்லை. தான் யார் என்பதை மறைக்கவும் இல்லை. அவர் கேள்வி தன் இனத்தைப் பற்றியதாக இல்லாமல் மீட்டரின் உயரத்தைப் பற்றியதாக இருந்தது.

‘நம்மவர்’ என்ற சொல்லின் எல்லை எங்கே முடியும் என்பதற்கு அதே நாட்டில் கொடூரமான சான்று ஒன்றும் இருக்கிறது. 1943இல் நாஜிகளிடம் ஒப்படைக்கப்பட இருந்த பல்கேரிய யூதர்கள் ஏறத்தாழ 48,000 பேர் பிழைத்தார்கள். நாடாளுமன்றத் துணைத் தலைவர் டிமிதர் பெஷேவும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஆயர்களும் பொதுமக்களும் எதிர்த்து நின்றார்கள். பெருமைப்பட வேண்டிய வரலாறு. அதே வருடம் அதே மார்ச் மாதத்தில், பல்கேரியா ஆக்கிரமித்திருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளின் யூதர்கள் 11,343 பேர் பல்கேரிய அதிகாரிகளின் கையாலேயே பிடிக்கப்பட்டு ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குப் பல்கேரியக் குடியுரிமை இல்லை. இவர்கள் நம்மவர்கள், தொடாதே என்பது வீரமான வாக்கியம், உண்மையான வாக்கியம். அதற்குள் மறைந்திருந்த மற்றொரு வாக்கியத்தில் அந்த ரயில்கள் ஓடின.

இப்போது அவள் பழைய பாவாடையை மறுபடி எடுத்திருக்கிறாள். யாராவது பையைக் காட்டச் சொன்னால் “ஸாஷ்தோ?” என்கிறாள். ஏன்? அவ்வளவுதான். அடையாள அட்டை பையிலேயே இருக்கும். இருமுறை அப்படி நடந்ததாம். ஒருமுறை காவலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். இன்னொரு முறை மேலாளர்வரை போய், அரை மணி நேரம் நின்று, பேருந்தை விட்டாள். போகும் வழியெல்லாம் கை நடுங்கியது என்றாள். சில நாள் அலுப்பாக இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போவதில்லை.

சென்ற மாதம் மருத்துவமனைப் பயிற்சியின்போது வார்டில் ஒரு ரோமா மூதாட்டி இவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு “நாஷா லி ஸி?” என்று கேட்டிருக்கிறார். நீ எங்களவளா? காவலாளியின் கண்ணில் இருந்த அதே கேள்வி, இந்த முறை பிரியத்தோடு. “இந்தியாவிலிருந்து வந்திருக்கேன் பாட்டி” என்றாளாம். அதுவும் அன்றைய உண்மையேதான். ‘இல்லை’ என்ற சொல்லை மட்டும் அவள் சேர்க்கவில்லை. மூதாட்டி சிரித்து, ஒரு இந்திப் படப் பாட்டை முனகிக் காட்டி, தலையணைக்கடியிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். படிக்கத் தெரியாது. எதை எப்போது போடுவது என்று யாரிடமும் கேட்கக் கூச்சமாம். இவள் ஒவ்வொரு மாத்திரைப் பட்டையின் பின்னாலும் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.