பெர்மிட் ஒருவர் கையில், தண்டனை இன்னொருவர் தலையில்

பிழைக்கப் போன நாட்டின் சட்டம் பிழைக்கப் போனவரையும் கட்டும். இதில் தகராறு இல்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கிய நொடியிலிருந்து தஞ்சாவூர்க்காரரும் டாக்காக்காரரும் மலேசியச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்தான். ‘எங்கள் ஊரில் இது குற்றமில்லை’ என்ற பதில் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது, செல்லவும் கூடாது. அறம் கேட்கும் கேள்வி இதற்கு அடுத்தது. ஒருவர் சட்டப்படி இருக்கிறாரா இல்லையா என்பதை முடிவு செய்யும் பிடி முழுக்க இன்னொருவரிடம் இருக்கும்போது, சட்டம் மீறப்பட்டால் தண்டனை யாரைச் சேர வேண்டும்?

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் உள்ள பத்து பாகாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. நெசவு, ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் பேர் போன ஊர் அது. ஸ்ரீ காடிங், பாரிட் ராஜா பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், யோங் பெங் நெடுஞ்சாலை ஓர உணவகங்களிலும், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வெளிநாட்டார் உழைக்கிறார்கள்: நேபாளிகள், வங்கதேசத்தார், மியன்மார்க்காரர்கள், இந்தோனேசியர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இவர்களுக்குக் கிடைப்பது தற்காலிக வேலை அனுமதி. எல்லோர் வாயிலும் அது பெர்மிட். முதலாளி இன்னார், துறை இன்னது என்று அதில் கட்டிப்போட்டிருக்கும். தோட்டத்துக்கென்று பெர்மிட் எடுத்தவர் உணவகத்தில் மேசை துடைத்தாலே குற்றம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். லெவி என்ற அரசுக் கட்டணத்தைக் கட்டுவதும் குடிநுழைவுத் துறையில் விண்ணப்பிப்பதும் முதலாளியின் வேலை. 2018 முதல் அந்த லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. தொழிலாளி தானே வரிசையில் நின்று புதுப்பித்துக்கொள்ள வழி கிடையாது. முதலாளி அசட்டையாக இருந்தாலும், கம்பெனி நொடித்தாலும், சம்பளத் தகராறில் கோபம் கொண்டு பெர்மிட்டை ரத்து செய்தாலும், மறுநாள் காலையில் அந்த ஆள் சட்டவிரோதக் குடியேறி. முந்திய நாள் உட்கார்ந்த அதே தையல் மெஷினின் முன்தான் அன்றும் அவர் உட்கார்ந்திருப்பார்.

இதற்கான தண்டனை சிறியதன்று. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, செல்லத்தக்க அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்கோ தங்கியவருக்கோ 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல் ஆறு பிரம்படி வரை. 15ஆம் பிரிவில், கெடு தாண்டித் தங்கியதற்கு அபராதமே குறைந்தது 10,000 ரிங்கிட். பிரம்படியைக் குடிநுழைவுக் குற்றங்களுக்குக் கொண்டுவந்தது 2002ஆம் ஆண்டுத் திருத்தம். 2005 முதல் 2010 வரை குடிநுழைவுக் குற்றங்களுக்காக மட்டும் 29,759 வெளிநாட்டார் பிரம்படி பட்டார்கள் என்பது நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்ட கணக்கு. அத்தனை பேரும் அடிதடிக்காரர்களோ திருடர்களோ இல்லை. தாளில் ஒரு தேதி தவறியவர்களும் தாளே இல்லாதவர்களும்.

அதே ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் பெங்கெராங் என்ற ஊர். 2023 டிசம்பர் 20 அன்று அங்கே 171 வங்கதேசத் தொழிலாளர்கள் போலீஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். வேலை தருவதாக அழைத்து வந்த ஏஜென்ட் வேலை தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனார்கள். வழியிலேயே அவர்கள் பிடிக்கப்பட்டுக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். செய்தி பரவிய பிறகுதான் காற்று திசை மாறியது. 2024 பிப்ரவரியில், 733 வங்கதேசத் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பத்து லட்சம் ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட சம்பள பாக்கியைத் தருவதாக முதலாளித் தரப்பு தொழிலாளர் இலாகாவின் முன் ஒப்புக்கொண்டது. முறையிடப் போனவர்களே முதலில் பிடிபட்டார்கள். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. ஆவணம் இல்லாதவரைப் பிடிப்பது எளிது. ஆவணம் ஏன் இல்லை என்று தேடிப் போவது கடினம். எளியதை முதலில் செய்துவிட்டுக் கடினமானதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் அரசு எண்ணும்போது, இடைப்பட்ட நாட்களை அனுபவிப்பது ஏமாற்றப்பட்டவர்.

மறுபக்கத்து வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. எல்லையைக் காப்பது ஒரு நாட்டின் உரிமை. தண்டனை தளர்ந்தால் ஏஜென்ட்டுகள் இன்னும் துணிவார்கள், உள்ளூர்த் தொழிலாளியின் கூலி விழும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை செய்யக் கூடாது என்று தெரிந்தே வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கை முழுக்கச் சுத்தம் என்று சொல்வது பொய். ஆனால் அந்தக் குற்றத்தின் எடை என்ன என்பதை மலேசிய அரசே காட்டியிருக்கிறது. 2024 மார்ச் 1 அன்று தொடங்கிய தாயகம் திரும்பும் திட்டத்தில், அனுமதி இல்லாமல் தங்கியவர் 500 ரிங்கிட் கட்டிவிட்டு விமானம் ஏறலாம் என்று அறிவித்தது. கவுன்டரில் 500 ரிங்கிட்டில் தீரும் பிழை, முந்திய வாரம் சோதனையில் சிக்கியவருக்குச் சிறையும் பிரம்படியும் ஆகலாம் என்றால், தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது குற்றத்தின் கனம் இல்லை, பிடிபட்ட நாள்.

பிடிபட்டபின் நடப்பதில்தான் அநீதி ஆழமாக ஊன்றி நிற்கிறது. மலேசிய அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு மட்டும் அதே பிரிவு 14 நாள் என்று மாற்றிச் சொல்கிறது. பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸ் போன்ற தடுப்பு முகாம்களில் அந்த 14 நாள் கழியும்போது, பாஸ்போர்ட் முதலாளியின் பூட்டிய அலமாரியில் இருக்கலாம், கைப்பேசி வாங்கி வைக்கப்பட்டிருக்கலாம், ஊரில் யாருக்கும் சேதி போகாமல் இருக்கலாம். 1963 வியன்னா தூதரக உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பிடிபட்டவர் கேட்டால்தான் தெரிவிக்க வேண்டும். கேட்கலாம் என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்?

இந்த நிலையில் நீதிமன்றத்துக்கு வருபவரிடம் குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. மலேசிய நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பது தமிழருக்கு வாய்த்த பெரிய ஆறுதல். நேபாளிக்கும் மியன்மார்க்காரருக்கும் அது அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. இருந்தும் ‘ஒத்துக்கொண்டால் சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாம்’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதே பலருக்குக் கிடைக்கும் ஒரே சட்ட ஆலோசனை. ஒத்துக்கொண்டவர், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆம் பிரிவின்படி, தண்டனையின் அளவையும் சட்டத்தகுதியையும் தவிர வேறு எதைப் பற்றியும் மேல்முறையீடு செய்ய முடியாது. பெர்மிட்டைப் புதுப்பிக்கத் தவறியது யார் என்ற கேள்வி அந்த ஒரு சொல்லோடு நிரந்தரமாக மூடப்படுகிறது. தான் செய்யாத பிழைக்குத் தன் வாயாலேயே ஒருவரைப் பொறுப்பேற்க வைப்பது, பொய்ச் சாட்சி சொல்ல வைப்பதற்குக் கொஞ்சமும் குறைந்த தீமையன்று.

புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்த கோவலனுக்கு நேர்ந்ததைத் தமிழர் மறப்பதில்லை. திருட்டுக்குத் தண்டனை என்ற பாண்டியனின் சட்டத்தில் பிழையில்லை. உள்ளூர்ப் பொற்கொல்லன் பேச்சை நம்பி, வெளியூர்க்காரனின் பேச்சைக் கேட்காமலே தண்டித்ததுதான் பிழை. அதை உணர்ந்த அரசன் தன் உயிரையே விட்டான். அயலாரை விசாரிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்ற நீதியுணர்வு தமிழருக்குப் புதிதில்லை.

தொழிலாளியின் சொந்தக் கையால் நடக்கும் குற்றங்களில் இந்த வாதம் எடுபடாது. அடிதடி, திருட்டு, போதைப்பொருள் என்று வரும்போது முதலாளியைக் காட்டித் தப்ப முடியாது. யாரோ தெரிந்தவருக்கு என்று கொடுத்துவிடும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவில், கைவசம் இருந்ததாலேயே தெரிந்து வைத்திருந்ததாக அனுமானிக்க இடமுண்டு. இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. அந்த அனுமானத்தின் மேல் கடத்தல் என்ற இரண்டாவது அனுமானத்தையும் ஏற்றிவைத்த 37ஏ பிரிவை, 2019 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த மேல்முறையீட்டைக் கொண்டுவந்தவர்கள் ஒரு பிலிப்பீன்ஸ் பெண்ணும் ஒரு தாய்லாந்துப் பெண்ணும். அயலார் தொடுத்த வழக்கால் மலேசியக் குடிமக்களுக்கும் பாதுகாப்பு கூடியது. அயலாருக்கு நீதி செய்வதால் ஒரு நாடு எதையும் இழப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆக, நம் கேள்விக்கான விடை மலேசியச் சட்டத்துக்குள்ளேயே பாதி எழுதப்பட்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கடத்தப்பட்டு வந்தவரை அந்தக் கடத்தலின் விளைவாகவே ஏற்பட்ட குடிநுழைவுக் குற்றங்களுக்காக வழக்கு தொடர்ந்து தண்டிக்கக் கூடாது என்கிறது. அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்குத் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் என்று குடிநுழைவுச் சட்டமே சொல்கிறது. இன்னொருவர் பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், முதலாளியின் பிழையால் பெர்மிட் இழந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு அறத்தில் இடமில்லை. அவர் நிற்க வேண்டியது சாட்சிக் கூண்டில். வழக்கு முடியும்வரை அவருக்குத் தரும் சிறப்பு அனுமதிக்கு மாதம் 100 ரிங்கிட் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யவும் தடை விதிக்கும் நடைமுறை, வழக்கைக் கைவிட்டு ஊருக்குப் போ என்று சொல்வதற்குச் சமம். அது ஒழிய வேண்டும்.

தமிழ்நாட்டின் பக்கமும் கணக்கு உண்டு. இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். அவர் அனுப்பிய இளைஞருக்கோ அங்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதியே தேவையில்லை என்பதால், அவர்களின் வேலை ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் சிறப்பு முகாம் என்ற பெயரில் வெளிநாட்டாரை அடைத்து வைத்திருக்கும் நாம், மலேசியாவிடம் நியாயம் கேட்கும்போது அந்த முகாமைப் பற்றியும் பேச வேண்டும்.

பத்து பாகாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மலாய் தெரியும், எந்த இலாகாவில் யாரைப் பார்ப்பது என்று தெரியும். ஆவணம் இல்லாதவருக்கு அடைக்கலம் கொடுத்தால் சட்டம் உங்கள் மேல் பாயும். ஆனால் பெர்மிட் இருக்கும்போதே ஒருவரோடு தொழிலாளர் இலாகாவுக்குத் துணைக்குப் போவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. நீங்கள் சாப்பிடும் உணவகத்திலும் முடி வெட்டும் கடையிலும் வேலை செய்பவரிடம், பெர்மிட் எப்போது முடிகிறது, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள்.