நாற்பதுக்கு மேல் மறுபடியும் மிதி

பல ஆண்டுகள் சைக்கிளைத் தொடாதவர் ‘இனி உடம்பு கேட்காது’ என்று முடிவுகட்டுவது அவசரம். பிரான்சின் ராபர்ட் மார்ஷான் அறுபதைக் கடந்தபின் சைக்கிளுக்குத் திரும்பியவர். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கி.மீ. ஓட்டினார், 2014இல் ஏறக்குறைய 27 கி.மீ. இடைப்பட்ட பயிற்சியில் அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். அவர் அபூர்வப் பிறவி என்பீர்கள். சாதனைதான் அபூர்வம், பயிற்சிக்கு உடல் இணங்குவது எல்லோருக்கும் பொது.

சிவகாசி, விருதுநகர் பக்கம் சாலைகள் பெரும்பாலும் சமதளம். இங்கே எதிரி மேடல்ல, வெயில். விடியுமுன் கிளம்பினால் அதுவும் பாதி தீரும். கவனம் வேண்டியது முழங்காலில்தான்: மூச்சு சில வாரங்களில் தேறும், தசைநாண்களுக்கு மாதங்கள் ஆகும். அதனால் முதலில் அழுத்தி மிதிக்காமல் லேசாகச் சுற்றுங்கள். நெஞ்சு இறுகினால் உடனே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.