கூலியும் பெயரும்

ஒருவர் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தாயிற்று. அதன் பின்னும் அவருக்கு நாம் கடன்பட்டவர்களா? எளிதாய்த் தோன்றும் இவ்வினாவைச் சிந்திக்கும்போது, அமெரிக்கக் கதாசிரியர் பில் ஃபிங்கரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது.

1914-இல் பிறந்த ஃபிங்கர், காலணி விற்கும் வேலை பார்த்துக்கொண்டே எழுத்தாளராக விரும்பியவர். 1939-இல் பாப் கேன் என்னும் ஓவியர், சித்திரக்கதைக்கென ஒரு நாயகனை வரைந்து அவரிடம் காட்டினார். சிவப்பு உடை, விறைத்த இறக்கைகள், கண்களை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி ஆகியவற்றுடன் அது இருந்தது. வௌவால் காதுகளுள்ள தலைமூடி, நீண்ட மேலங்கி, சாம்பல் நிறம் ஆகிய மாற்றங்களைச் சொன்னவர் ஃபிங்கர். அந்நாயகனுக்குப் புரூஸ் வேய்ன் என்றும், அவன் நகருக்குக் காத்தம் என்றும் பெயரிட்டவர் அவர். முதற்கதையை எழுதியவரும் அவரே. உலகச் சிறுவர்கள் அறிந்த பேட்மேன் இவ்வாறே உருவானான்.

ஆயினும் பதிப்பகத்தாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டவர் கேன். படைத்தவர் என்று அவர் பெயர் ஒன்றே அச்சாயிற்று. ஃபிங்கரோ கால் நூற்றாண்டுக் காலம் எழுதிக் கூலி பெற்றார். 1966-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்கும் சார்லஸ் சிங்க்ளேர் என்பவருடன் இணைந்து இருபகுதிக் கதையொன்றை எழுதினார். அக்கதையின் ஆசிரியராக அவர் பெயர் வந்தது; நாயகனைப் படைத்தவராக வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, வாசகர் கூட்டமொன்றில் தம் பங்கை அவர் சொன்னபோது, கேன் அதனைப் பகிரங்கக் கடிதத்தில் மறுத்தார். 1974-இல் ஃபிங்கர் காலமானார்.

‘அவர் இசைந்துதானே எழுதினார்? கூலியும் பெற்றாரே, இதில் அநீதி எங்கே?’ என்று கேட்கலாம். அவர் நெடுங்காலம் வாதாடாதிருந்ததும் மெய்யே. ஆனால் ஒப்பந்தம் இருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். நூலை வாங்கிப் படித்த வாசகர் அதில் கையெழுத்திட்டவர் அல்லர். ‘இதைப் படைத்தவர் இன்னார்’ என்று அவரிடம் சொல்வது ஒரு சாட்சியம். கூலி உழைப்பை வாங்கும். சாட்சியத்தை மாற்றிச் சொல்லும் உரிமையை வாங்காது.

அரபுக் கல்வி மரபில், செய்தியை உரைப்பவர் அது யார் யார் வழியாகத் தமக்கு வந்தது என்பதையும் உரைக்கக் கடமைப்பட்டவர். அப்பெயர்த் தொடரை இஸ்னாத் என்பர். நடுவில் ஒரு பெயர் விடுபட்டால் செய்தியே பலவீனமாகக் கருதப்படும். பெயர் சொல்வது புகழ்ச்சிக்கன்று, உண்மை நிலைபெறுவதற்கே.

கேன் 1989-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில், ஃபிங்கருக்கு உரிய பெருமை கிட்டவில்லை என்று வருந்தி எழுதினார். கேட்க வேண்டியவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015-இல்தான் பேட்மேன் படைப்புகளில் கேனுடன் ஃபிங்கர் பெயரையும் சேர்க்கப் பதிப்பகத்தார் இசைந்தனர்.

கூலி பாக்கியைப் பிள்ளைகளிடமேனும் கொடுத்துத் தீர்க்கலாம். பெயர் என்னும் அமானிதத்தையோ, உரியவர் கண் திறந்திருக்கும்போதே ஒப்படைத்துவிட வேண்டும்.